ஒரே ஒரு பிளக் பாயிண்ட் உள்ள அறையில் பேபி மானிட்டர்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் படுக்கையறைக்கு ஒரு ஸ்விட்ச் போர்டுதான் இருக்கும். கதவை ஒட்டி, தோள் உயரத்தில், இரண்டு லைட் ஸ்விட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், ஒரு 5 ஆம்ப்ஸ் பாயிண்ட். ஏசி மாட்டிய வீடென்றால் லாஃப்டுக்கு மேலே ஒரு 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் கூடுதலாக இருக்கும். குழந்தை வந்ததும் அந்த ஒற்றை 5 ஆம்ப்ஸ் பாயிண்டுக்கு அடிபிடி தொடங்கிவிடும். கொசு மெஷின், போன் சார்ஜர், தானாக ஆடும் தொட்டிலின் மோட்டார், பாட்டில் ஸ்டெரிலைசர் எல்லாம் வரிசையில் நிற்க, கடைசியில் வந்து சேர்வது, வேறு அறையிலிருந்தே குழந்தையைப் பார்க்கவும் கேட்கவும் உதவும் பேபி மானிட்டர்.

அதனால் மானிட்டரில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதி கேமராவுக்குள் இருப்பதில்லை. பாயிண்டிலிருந்து கேமரா வரை கரண்ட் வருகிற வழியில்தான் இருக்கும். கேமராவைப் பெட்டியில் கட்டித் திருப்பி அனுப்பும் முன் அந்த வழியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருக்கிறோம். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படிக்கலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

எதற்கும் முன்னால்

கேமரா வயரோ வேறெந்த வயரோ, தொட்டிலிலிருந்தும் கட்டிலிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளியே இருக்க வேண்டும். கை கால் ஆட்டும் குழந்தை வயரை இழுத்தால் அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். இப்படிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பாயிண்ட் தூரமாக இருக்கிறது, வயர் எட்டவில்லை என்பதற்காகத் தொட்டிலைப் பாயிண்ட் பக்கம் நகர்த்தக் கூடாது. கேமராவைத் தூளிக் கயிற்றிலோ கட்டில் கம்பியிலோ கொசுவலைக் கம்பியிலோ கட்டித் தொங்கவிடவும் கூடாது. ஏழெட்டு மாதத்தில் தவழத் தொடங்கி, ஒன்பது பத்து மாதத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தைக்கு எட்டும் தூரம் மாதாமாதம் கூடும். இன்று 3 அடி என்று அளந்துவிட்டு இருந்துவிடாமல் அவ்வப்போது மறுபடி பாருங்கள்.

இன்னொன்று: சாதாரண மானிட்டர் படமும் சத்தமும்தான் காட்டும். குழந்தை ஒழுங்காக மூச்சு விடுகிறதா என்று அது பார்க்காது. அப்பத்தாவோ அம்மாச்சியோ எட்டிப் பார்க்கிற வேலைக்கு அது மாற்று ஆகாது.

பத்து நிமிடச் சோதனை

ஒரு போன் சார்ஜரும் போனும் போதும். பாயிண்டில் சார்ஜரைச் சொருகி, போன் சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டின் மெயின் ஸ்விட்சை இறக்கி, இன்வெர்ட்டரை மட்டும் ஓடவிடுங்கள். சார்ஜ் நின்றுவிட்டால் அந்தப் பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை. நிறைய வீடுகளில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுமே இன்வெர்ட்டர் லைன் இழுத்திருப்பார்கள். அதே போர்டில் இருக்கிற பாயிண்டை விட்டிருப்பார்கள். இது தெரியாமல்தான் பலர் கேமராவைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்து, மானிட்டரின் அடாப்டரைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். உள்ளே வருவது 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்க வேண்டும். வெளியே போவது பெரும்பாலும் 5 வோல்ட், 1 அல்லது 2 ஆம்ப்ஸ். சில கேமராக்கள் 12 வோல்ட். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரின் பின் சில 5 வோல்ட் கேமராக்களிலும் பொருந்தும். சொருகினால் கேமரா அங்கேயே போய்விடும்.

எத்தனை வாட்ஸ் தாங்கும் என்ற கவலை பலருக்கு உண்டு. 230 வோல்ட்டில் 5 ஆம்ப்ஸ் என்றால் 1150 வாட்ஸ். கேமரா 5 வாட்ஸைத் தாண்டுவது அரிது, கொசு மெஷினும் ஏறக்குறைய அவ்வளவுதான். இவை பத்து இருந்தாலும் பாயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டெரிலைசரும் அயர்ன் பாக்ஸும்தான் ஆபத்து. அவற்றைக் கேமரா இருக்கிற ஜங்ஷன் பாக்ஸில் சொருகவே வேண்டாம். வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், கேமரா திணறும். ஸ்டெரிலைசருக்கு அடுப்படியில் மிக்ஸி பாயிண்ட் இருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் நன்றாக ஓடுகிறது. இரவில் லைட்டை அணைத்ததும் கேமரா நின்று நின்று வருகிறது

இதுதான் அதிகம் கேட்கிற புகார். விளக்கை அணைத்த அரை நிமிடத்தில் படம் போகும், கேமரா மறுபடி உயிர் பெறும், ஒரு நிமிடம் கழித்து மறுபடி போகும். விளக்கைப் போட்டுவிட்டால் ஒழுங்காகிவிடும். கேமரா கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் குறை வயரில்.

காரணம் இது. இருட்டானதும் கேமராவின் முகத்தில் உள்ள அகச்சிவப்பு எல்ஈடிகள் எரியத் தொடங்கும். பகலில் 0.3 ஆம்ப்ஸ் இழுத்த கேமரா இப்போது 0.8 ஆம்ப்ஸ் இழுக்கும். பெட்டியில் வந்த வயர் ஒன்றரை மீட்டர். பாயிண்ட் கதவுப் பக்கம், கேமரா எதிர்ச் சுவர் லாஃப்டில். எட்டவில்லை என்று கடையில் 5 மீட்டர் யூஎஸ்பி வயர் ஒன்றை வாங்கியிருப்பீர்கள். விலை குறைந்த வயர்களுக்குள் இருக்கும் செம்பு தலைமுடி மாதிரி மெல்லிசு. அந்த நீளத்தில், போக ஒரு கம்பி வர ஒரு கம்பி என்று 10 மீட்டர் செம்பு வழியே கரண்ட் ஓட வேண்டும். இப்படி மெல்லிசான, 28 கேஜ் என்று எண்ணிட்ட கம்பியில் அதன் தடை ஏறக்குறைய 2.1 ஓம். பகலில் 0.3 ஆம்ப்ஸுக்கு 0.6 வோல்ட் குறையும்; கேமராவுக்கு 4.4 வோல்ட் போய்ச் சேரும், எப்படியோ தாக்குப்பிடிக்கும். இரவில் 0.8 ஆம்ப்ஸுக்கு 1.7 வோல்ட் குறையும். போய்ச் சேர்வது 3.3 வோல்ட். கேமரா படுத்துவிடும். படுத்ததும் எல்ஈடி அணையும், வோல்டேஜ் ஏறும், கேமரா எழும், எழுந்ததும் எல்ஈடி எரியும், மறுபடி படுக்கும். விடிய விடிய இதே கூத்து.

உறுதி செய்வது சுலபம். கேமராவைப் பெட்டியில் வந்த குட்டை வயரோடு பாயிண்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, அறையை இருட்டாக்கிப் பத்து நிமிடம் பாருங்கள். நிற்காமல் ஓடினால் கேமராவில் குற்றமில்லை.

சரிசெய்ய இரண்டு வழி. முதலாவது, தடித்த வயர். யூஎஸ்பி வயரின் மேலேயே கேஜ் எண் அச்சிட்டிருக்கும்: 28, 24, 20 என்று. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். ஒரே வயரில் இரண்டு எண் இருந்தால் பெரிய எண் டேட்டா கம்பிக்கு, சின்ன எண் கரண்ட் கம்பிக்கு. நமக்கு வேண்டியது சின்ன எண். 20 கேஜில் அதே 5 மீட்டருக்கு இரவில் 0.3 வோல்ட்கூடக் குறையாது. எண்ணே அச்சிடாத வயரை வாங்க வேண்டாம். டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரிக்கல் கடைகளில் கேஜ் சொல்லிக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆன்லைனில் வாங்குவதானால் 'வேகமாக சார்ஜ் ஏற்றும்' என்ற வாசகத்தை நம்பாமல் எண்ணைத் தேடுங்கள்.

இரண்டாவது, 230 வோல்ட்டையே கேமரா பக்கம் கொண்டுபோய், அடாப்டரை அங்கே வைத்து, குட்டை வயரால் கொடுப்பது. 230 வோல்ட்டில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு, அதனால் தூரம் ஒரு பொருட்டில்லை. ஆனால் அந்த வயர் சுவரில் பிவிசி கேசிங்குக்குள், லாஃப்ட் உயரத்தில் போக வேண்டும். தரையில் கிடக்கிற ஜங்ஷன் பாக்ஸாக இருக்கக் கூடாது.

இந்த இரண்டில் நாங்கள் சொல்வது முதலாவதைத்தான், அதிலும் இப்படி: அடாப்டரை ஹாலில் உள்ள பாயிண்டில் சொருகிவிட்டு, தடித்த 5 வோல்ட் வயரை மட்டும் கதவு நிலையின் மேல் மூலை வழியாக அறைக்குள் கொண்டுவருவது. அறைக்குள் 5 வோல்ட்டுக்கு மேல் எதுவும் நுழைவதில்லை, அறையின் ஒற்றைப் பாயிண்டும் மிச்சம். கதவு சாத்தும்போது வயர் நசுங்காமல் இருக்க நிலைக்கும் கதவுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நிலைக்கு மேலே உள்ள வெண்டிலேட்டர் வழி இருக்கிறது.

ஃபேனைக் கூட்டினாலோ பிளக்கைத் தொட்டாலோ படம் போய்ப் போய் வருகிறது

பாயிண்டின் உள்ளே உள்ள பித்தளைப் பிடி தளர்ந்துவிட்டது. பத்து இருபது வருடம் அயர்ன் பாக்ஸைச் சொருகிச் சொருகி எடுத்த பாயிண்டில் இது நடக்கும். அடாப்டரைச் சொருகி மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 'சிர்' என்று சத்தம் வந்தாலோ, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஏறியிருந்தாலோ, அந்தப் பாயிண்டை மாற்றியே ஆக வேண்டும். பிளக் நழுவாமல் இருக்க அட்டையை மடித்துச் செருகுவதும் டேப் ஒட்டுவதும் தீயை விலைக்கு வாங்குவது. புதிய 6 ஆம்ப்ஸ் சாக்கெட், துளையில் ஷட்டர் மூடி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தை குச்சியை விட்டாலும் உள்ளே போகாது. எலக்ட்ரீஷியனுக்கு இது கால் மணி நேர வேலை.

வெளிநாட்டு அடாப்டருக்கும் பாயிண்டுக்கும் நடுவே ஒரு மல்டி பிளக் வைத்திருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். அடாப்டரின் கனம் முழுவதும் மல்டி பிளக்கின் நுனியில் தொங்கும், தானாகச் சரிந்து வரும்.

லைட்டை அணைத்தால் கேமராவும் அணைகிறது

பாயிண்ட் இல்லாத அறையில் பல்பு ஹோல்டரில் மாட்டுகிற பேரலல் ஹோல்டரை வாங்கி, அதன் பக்கவாட்டு டூ பின்னில் கேமராவைச் சொருகியிருப்பீர்கள். இது கெட்ட யோசனை அல்ல. லைட் லைன் பெரும்பாலும் இன்வெர்ட்டரில் இருப்பதால் கரண்ட் போனாலும் கேமரா ஓடும். கேமரா, ஜீரோ வாட்ஸ் பல்பு தவிர வேறு எதையும் அதில் சொருகாதவரை கவலையில்லை. ஆனால் தூங்கப் போகும் யாரோ ஒருவர் பழக்க தோஷத்தில் ஸ்விட்சைத் தட்டுவார். அந்த ஹோல்டரைக் கேமராவுக்கென்றே விட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு ட்யூப் லைட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி 'கேமரா' என்று எழுதிவிடுங்கள். தொட்டிலுக்கு நேர் மேலே உள்ள ஹோல்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

கரண்ட் போனதும் மானிட்டர் போய்விடுகிறது

இதில் மூன்று விதம் உண்டு. எது என்று பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவின் விளக்கே அணைந்துவிட்டால், பாயிண்டுக்கு இன்வெர்ட்டர் லைன் இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த 5 ஆம்ப்ஸ் பாயிண்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லலாம். மாற்றியபின் அதில் அயர்ன் பாக்ஸைச் சொருகினால் இன்வெர்ட்டர் ஓவர்லோடு ஆகிக் கத்தும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இன்வெர்ட்டரே இல்லாத வீட்டில் பவர் பேங்க் கைகொடுக்கும். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே 3.7 வோல்ட்டில் எழுதிய கணக்கு, அதாவது 37 வாட் அவர். 5 வோல்ட்டாக மாறும்போது இழப்புப் போக 31 அளவில் மிஞ்சும். பகலில் 1.5 வாட்ஸ் இழுக்கிற கேமராவுக்கு அது 20 மணி நேரம்; எல்ஈடி எரிகிற இரவில் 4 வாட்ஸ் என்றால் ஏழரை மணி. மாதம் ஒருமுறை மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் நிறுத்துகிற நாளைத் தாண்ட இது போதும். பவர் பேங்கை எப்போதும் சார்ஜில் போட்டபடியே கேமராவுக்கும் கொடுக்க நினைத்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாம் அப்படிச் செய்யாது. செய்பவையிலும் சில, கரண்ட் போகிற அந்த நொடியில் ஒரு கணம் விட்டுவிட்டுத்தான் கொடுக்கும். பவர் பேங்கைத் துணி மேலும் மெத்தை மேலும் வைக்காமல் வெறும் சிமெண்டுப் பலகையில் வையுங்கள்.

கேமரா விளக்கு எரிகிறது, போனில் மட்டும் 'ஆஃப்லைன்' என்று வந்தால், போனது ரூட்டர். அது ஹாலில் டிவிக்குப் பின்னால், இன்வெர்ட்டர் இல்லாத பாயிண்டில் இருக்கும். ரூட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறது. ரூட்டரின் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்ப்ஸும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஃபைபர் இணைப்பில் ஃபைபர் வந்து சேரும் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கரண்ட் வேண்டும்.

கேமரா ஒரு நிமிடம் போய்த் தானாக வந்துவிட்டால், இன்வெர்ட்டர் மாறுகிற இடைவெளி அதிகம். பல இன்வெர்ட்டர்களில் பின்பக்கம் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. யூபிஎஸ்ஸில் வைத்தால் மாறுவது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடியும், அடாப்டர் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நிலையில் 180 வோல்ட் அளவுக்கு இறங்கினாலே இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். பம்புசெட் ஓடுகிற நேரத்தில் லோ வோல்டேஜ் அடிக்கிற கிராமப் பகுதிகளில் பேட்டரி இதனால் சீக்கிரம் காலியாகும். அப்படிப்பட்ட ஊரில் நார்மலிலேயே விட்டுவிட்டு, கேமராவுக்கு மட்டும் பவர் பேங்க் வைப்பது நல்லது.

இன்னொரு குழப்பம்: ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, கேமரா மட்டும் இல்லை, இன்வெர்ட்டரும் கத்தவில்லை. மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் ஒரு பேஸ் மட்டும் போயிருக்கும். மெயின் போர்டில் பேஸ் மாற்றும் ஸ்விட்ச் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். தெருவுக்கே போயிருந்தால் மின்னகம் 94987 94987க்குச் சொல்லலாம்.

சிங்கப்பூரிலிருந்து, அமெரிக்காவிலிருந்து வந்த மானிட்டர்

சீர் வரிசையோடு சேர்ந்து வெளிநாட்டு உறவினர் கொண்டுவருகிற மானிட்டர் இங்கே நிறைய. சிங்கப்பூர், துபாய் பிளக்கில் மூன்று செவ்வகப் பின். அமெரிக்காவினுடையதில் இரண்டு தட்டைப் பின். பின்னைவிட முக்கியம் வோல்ட். அமெரிக்க அடாப்டரில் '120 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகக் கூடாது, சொருகினால் புகைதான். 100 முதல் 240 என்றிருந்தால் பயமில்லை. மல்டி பிளக்கைத் தேடி அலைவதைவிட, அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்ப்ஸ், அதே அளவுப் பின் உள்ள உள்ளூர் அடாப்டரை வாங்கிவிடுவது நிரந்தரத் தீர்வு. வட்டப் பின்னாக இருந்தால் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று அடாப்டரில் போட்டிருக்கும் வட்டக் குறியையும் ஒத்துப்பாருங்கள்.

இரவில் திரை முழுக்க வெள்ளை மூட்டம்

கொசுவலைதான். கேமராவின் அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டு அப்படியே திரும்பி லென்சில் விழுகிறது. வலைக்குப் பின்னால் இருக்கும் குழந்தை தெரியாது, வலையின் கண்ணிகள் மட்டும் பளபளக்கும். வலைக்குள்ளே கேமராவை வைத்துவிடலாம் என்று தோன்றும். வயர் குழந்தைக்குப் பக்கத்தில் போய்விடும், வேண்டவே வேண்டாம். கேமராவின் செட்டிங்கில் இரவுப் பார்வையை அணைத்துவிட்டு, அறையின் வேறொரு மூலையில் மங்கலான ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை எரியவிடுங்கள். ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் வலை மறைக்காது. எல்ஈடி அணைவதால் முன்னே சொன்ன வோல்டேஜ் தொல்லையும் குறையும்.

வலையே இல்லாமல் வெள்ளை படர்ந்தால், லென்சுக்கு முன் ஒட்டடை இருக்கும். சிலந்தி நூல் ஒன்று போதும், அகச்சிவப்பில் கயிறு மாதிரி தெரியும், காற்றில் ஆடினால் அலாரமும் அடிக்கும். பருத்தித் துணியால் வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கேமராவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலும் ஒளி சுவரில் பட்டுத் திரும்பும்; நான்கு விரல் முன்னுக்குத் தள்ளுங்கள்.

தூளியில் போட்டால் குழந்தையே தெரியவில்லை, அலாரம் ஓயவில்லை

சேலைத் தூளியின் இரண்டு பக்கமும் உயர்ந்து மூடிக்கொள்ளும். பக்கவாட்டுக் கேமராவில் துணிதான் தெரியும். மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் லாஃப்டின் விளிம்பில், தூளிக்கு நேர் மேலே வராமல் தலைமாட்டுப் பக்கம் தள்ளி, சாய்த்து வையுங்கள். விழுந்தாலும் குழந்தை மேல் விழாத இடமாக இருக்க வேண்டும். டேப்பை நம்பாமல் திருகி முடுக்குங்கள். தூளி ஆடும்போதெல்லாம் அசைவு அலாரம் அடிக்கும். அதை அணைத்துவிட்டு ஒலி அலாரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூளி வீட்டுக்கு வீடியோவைவிட நல்ல ஆடியோதான் பயன்படும் என்பது எங்கள் முடிவு.

ஒலி அலாரத்தின் கூருணர்வை ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போதே அமையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு அமைத்தால், பிறகு ஃபேன் சத்தமே அழுகையாகத் தெரியும். செல்லூர் பக்கம் தறிச் சத்தம், சித்திரைத் திருவிழா நாட்களில் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் என்றால் இரண்டு படி குறைக்க வேண்டிவரும். சத்தம் அடங்கியதும் மறக்காமல் பழைய அளவுக்குத் திருப்பிவிடுங்கள்.

வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலான வைஃபை கேமராக்களுக்கு 2.4 கிகா ஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். உங்கள் போன் 5 கிகா ஹெர்ட்ஸில் இருக்கும்போது சேர்க்க முயன்றால் பல நேரம் சிக்காது. ரூட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, போனை 2.4க்கு மாற்றி, அதன்பின் சேருங்கள். கேமராவை ரூட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அப்புறம் அறைக்குள் வைக்கலாம்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போய், சில மாதம் கழித்துப் புகுந்த வீடு திரும்பும்போது 'அங்கே ஓடியது, இங்கே ஓடவில்லை' என்று புகார் வரும். கேமராவின் நினைவில் இருப்பது அந்த வீட்டு வைஃபை. ரீசெட் துளையில் ஊசியால் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேர்க்க வேண்டும். அந்தச் சமயத்திலேயே பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். குழந்தை இருக்கும் அறையை அந்நியர் பார்க்க வாய்ப்பே வைக்கக் கூடாது.

சேர்ந்தபின் படம் விட்டு விட்டு வந்தால் சுவரையும் பீரோவையும் பாருங்கள். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் செங்கல் சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி கனம். அப்படி இரண்டு சுவரைத் தாண்டினால் சிக்னலில் மிச்சம் அதிகம் இருக்காது. கண்ணாடி பதித்த இரும்பு பீரோ குறுக்கே நின்றால் அதன் நிழலில் சிக்னலே விழாது. கேமராவை ஓரடி நகர்த்தினாலே சரியாகிற இடம் இது. ரூட்டரின் சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திப் பாருங்கள். ரூட்டர் தேவைப்படாத, தனித் திரையோடு வருகிற மானிட்டர் இந்தத் தொல்லைகள் பலவற்றைத் தவிர்க்கும். கேமரா, திரை இரண்டிலும் பேட்டரி உள்ளதாகக் கிடைத்தால், பாயிண்ட் குறைந்த வீட்டுக்கு அதுவே முதல் தேர்வு.

ஊளை, இரைச்சல்

திரையும் கேமராவும் ஒரே அறையில் இருந்தால் 'கீ' என்று ஊளையிடும். தள்ளி வைத்தால் நின்றுவிடும். இடைவிடாத 'ர்ர்ர்' இரைச்சல், அதிலும் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் வந்தால், பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்தான் காரணம். ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் போனால் ஸ்டெப் வகை ரெகுலேட்டருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

குழந்தை அழுதது, போன் சத்தம் போடவில்லை

போன் பேட்டரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து மானிட்டர் ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. போனின் பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். 'தொந்தரவு செய்யாதே' நிலையில் அதற்கு விதிவிலக்கு கொடுங்கள். பிறகு ஒருவர் தூளிப் பக்கம் நின்று கை தட்ட, இன்னொருவர் மாடியில் திரையணைத்த போனோடு காத்திருந்து சோதியுங்கள். ஆப் அப்டேட் ஆன ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

மே மாத மதியத்தில் சார்ஜ் ஏறவில்லை, கேமரா அணைகிறது

லித்தியம் பேட்டரிகள் 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜை நிறுத்திக்கொள்ளும். அது பாதுகாப்புக்குத்தான். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையின் லாஃப்ட், அதிலும் தகரக் கூரை வீடு, மற்ற இடங்களைவிட நன்றாகவே கொதிக்கும். பல கேமராக்களின் வரம்பு 40 டிகிரிதான். பகலில் கேமராவை லாஃப்டிலிருந்து இறக்கி, குழந்தைக்கு எட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள்.

தொட்டால் சுரீர் என்கிறது, கருகல் வாடை வருகிறது

இங்கே வீட்டு வைத்தியம் கிடையாது. மெயினை இறக்குங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பீரோவிலோ இரும்புக் கட்டிலிலோ டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் குழந்தையை அறையை விட்டு வெளியே தூக்கிவந்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும்போது ஒரே தடவையில் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: லாஃப்ட் உயரத்தில் ஷட்டர் வைத்த ஒரு 6 ஆம்ப்ஸ் ஐந்து துளை சாக்கெட், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி, இன்வெர்ட்டர் லைனிலிருந்து. மரப்பட்டி வயரிங் இன்னும் இருக்கிற வீடென்றால் அந்தப் பழைய வயரிலிருந்து கிளை எடுக்காமல் மெயின் போர்டிலிருந்தே புதிதாக இழுக்கச் சொல்லுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் மாட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதன் டெஸ்ட் பட்டனை அவர் முன்னாலேயே அழுத்தி, ட்ரிப் ஆகிறதா என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.